மாசியில் பேசிய குரல்

என் தங்கை தன் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் கடற்கரை ஊர் முஸ்லிம் வீடுகளில் அதுதான் வழக்கம். அண்ணனான என்னைக் காக்கா என்பாள். நானும் அவரை மச்சான் என்பேன். மார்க்கத்தைத் தூய்மையாக்குகிறோம் என்று கிளம்பிய ஓர் இயக்கத்தில் சேர்ந்ததும் அவர் அதற்குத் தடை போட்டார். முறை சொல்லிக் கூப்பிடுவது பழைய அறியாமையாம், இனி எல்லோரும் சகோதரர்களாம். தங்கை சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். விருந்தாளிகள் முன்னால் கணவரைப் பார்த்து, "சகோதரரே, சோறு வைக்கவா?" என்று கேட்டுவிட்டாள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்தபடி அதைப் போனில் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அவள் கழுத்தில் கிடந்த கருகமணி தாலி மாதிரி இருக்கிறது என்று அறுத்தெறியச் சொன்னார்கள். தர்காவுக்குப் போகிறவர்கள் வீட்டில் பெண் கொடுக்காதே, எடுக்காதே என்றார்கள். கொடி, ஊர்வலம், தேர்தல் என்று வளர்ந்து, கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகமும் அவர்கள் கைக்குப் போனது. நபியின் புகழ்ப்பாடலான மவுலிதை ஓதிய முதியவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஊரிலேயே இல்லை. இங்கே ஆக்லாந்தின் மாசி என்ற புறநகரில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஐடி வேலை பார்த்து மார்ட்கேஜ் கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் கராஜில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து ஊருக்கு அனுப்புவார். ஊரில் அதைக் கேட்டு இளைஞர்கள் கொதிப்பார்கள். இவர் எழுந்து புல் வெட்டப் போவார்.

பிறகு அரசாங்கம் இயக்கத்தைத் தடை செய்தது. போலீஸ் கையில் அகப்பட்டவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. காசுக்குக் கொடி தைத்துக் கொடுத்த டெய்லரைக்கூட விடவில்லை. மச்சானும் உள்ளே போனார். எதிர்ப்பவர்களின் கையை முறிக்கச் சொல்லும் பேச்சு ஒன்று அவர் போனில் இருந்தது. அதைப் பேசியவரே அவர்தான் என்று வழக்கு.

மச்சானின் வக்கீல் எனக்கு அந்தப் பதிவை அனுப்பினார். கையை முறிக்கச் சொல்லும் இடத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்து, "டாட், வேர்ஸ் மை ஐபேட்?" என்கிறது. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை அப்படிக் கேட்கும்? போலீசுக்கும் காது இருக்கத்தானே செய்கிறது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது ஓர் ஆள், அது கிடைத்துவிட்டது. பேசியவரே ஒப்புக்கொண்டால் மச்சானை வெளியே எடுத்துவிடலாம் என்றார் வக்கீல்.

நான் அந்தப் பேச்சுக்காரர் வீட்டுக்குப் போனேன். டீயும் பிஸ்கட்டும் வைத்தார்.

"அது உங்க குரல்தானே?" என்றேன்.

"அல்லாஹ் அறிவான், சகோதரரே."

"அவன் அறிவான். கோர்ட்டுக்குத் தெரியணுமே."

"சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கேன். பிள்ளைங்க படிப்பு இருக்கு. உங்க மச்சானுக்காக நான் துஆ செய்யாத நாளே இல்லை."

முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. வாயில் இருந்த பிஸ்கட்டை அவர் வாசலிலேயே துப்பிவிட்டு வந்தேன்.

உடனே தங்கைக்குப் போன் போட்டேன். அந்த ஆளின் பெயரையும் விலாசத்தையும் கோர்ட்டில் நாமே கொடுத்துவிடலாம், வக்கீலிடம் சொல் என்றேன். அவள் பதறிப்போனாள்.

"வேணாம் காக்கா. அவங்க ஜெயில்ல இருந்து சொல்லிவிட்டாங்க. அந்தப் பேச்சைத் தானே பேசினதா ஒத்துக்கப் போறாங்களாம். பேசி அனுப்பின பெரியவருக்கு அங்க ஒரு கஷ்டமும் வரக் கூடாதாம்."

"அவனுக்கு ஒரு கஷ்டமும் வராதும்மா. உன் பிள்ளைங்கள நினைச்சுப் பாத்தியா?"

"பிள்ளைங்ககிட்டயும் அது வாப்பா குரல்தான்னு சொல்லச் சொல்லிட்டாங்க."