மெசினுக்கு வைத்த சந்தனம்

எங்கள் வெள்ளவத்தைச் சனத்துக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் வைப்பார்கள். விளக்குக்கு விடத் தெரியும், வடைச் சட்டிக்கு விடத் தெரியும். கேற் பிணைச்சலுக்கு ஒரு சொட்டு விட மட்டும் தெரியாது. கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. இரவு பகலாக உப்புக்காற்று ஊதுகிறது. இரும்பென்று பெயர் வைத்த எதையும் அது சும்மா விடுவதில்லை. கேற் கத்தும், ஜன்னல் கொளுக்கி இறுகும், கத்தரிக்கோல் வாய் திறக்காது. உடனே, இப்ப வாற சாமானெல்லாம் இப்படித்தான் என்று சாமானைத் திட்டுவார்கள். சாமானில் ஒரு பிழையும் இல்லை. இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் நடுவே கொஞ்சம் எண்ணெய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தின்னும், அவ்வளவுதான் விஷயம். நான் போகிற வீட்டில் கதவு கத்தினால் கைப்பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துவிடுவேன். இவளுக்கு விசர் என்று மாமியார் வீட்டில் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.

இந்த விசர் எனக்குப் பிடித்தது பன்னிரண்டு வயதில், ஒரு சரஸ்வதி பூசையன்று.

அப்போது அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. அம்மாவும் நானும் அப்பாவின் தமையனாரான பெரியப்பாவோடும் பெரியம்மாவோடும் அவர்கள் வீட்டில் இருந்தோம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி பிளாட். பெரியப்பாவுக்குக் காலி வீதியில் சாறிக்கடை. சாறிக்குச் சட்டையும் தைத்துக் கொடுக்கப்படும் என்று கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார். தைத்தது என் அம்மா. காலையில் பை நிறையத் துணி வரும், மாலையில் பை நிறையத் தைத்த சட்டை போகும். வீட்டு ஆள்தானே என்ற ஒரு சொல்லுக்குள் அம்மாவின் உழைப்பு முழுவதும் அடங்கிப்போயிற்று. பெரியப்பா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அறையும் சோறும் முகம் கோணாமல் தந்தவர். அதுதான் சங்கடம். கெட்டவரோடு சண்டை பிடிக்கலாம், சோறு போட்டவரோடு எந்த முகத்தோடு பிடிப்பது?

மெசின் அம்மாவுடையது. கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது கூடவே கொண்டுவந்த கால் மெசின். கறுப்பு உடம்பு, பக்கத்தில் சில்லு, கீழே மிதி. ஹோலில் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே நின்றது. சனிக்கிழமை எனக்குத் தலைக்கு வைத்துத் தோய வார்த்த கையோடு அம்மா அதற்கும் எண்ணெய் விடுவாள். மெசினைப் பின்பக்கம் சாய்த்து, அடியில் சேர்ந்திருக்கும் நூல் தும்பையெல்லாம் பழைய பல் பிரஷால் தட்டுவாள். பிறகு மேலே இருக்கிற சின்னத் துளைகளுக்குள் சொட்டுச் சொட்டாக மெசின் எண்ணெய். நான் சில்லை மெதுவாகச் சுற்ற வேண்டும். கடைசியில் ஒரு கந்தல் துணியைத் தைத்துப் பார்ப்பாள், எண்ணெய்க் கறை வராமல் போகும்வரைக்கும். அதற்குப் பிறகுதான் ஊரார் துணியை அதில் வைப்பாள்.

நவராத்திரி வந்தால் மெசின் பெரியப்பாவின் கைக்குப் போய்விடும். பூசை விஷயத்தில் அவர் வலு துப்புரவு. ஒன்பதாம் நாள் கும்பத்துக்குப் பக்கத்தில் என் பள்ளிப் புத்தகங்கள், கடைக் கத்தரிக்கோல், அளவுகோல் எல்லாம் வைத்து, மெசினுக்கும் தன் கையால் சந்தனம் சாத்துவார். பொட்டு வரிசை கோணக்கூடாது அவருக்கு. மெசின் உடம்பில் ஒரே வரிசையில், பொட்டளவில் இருந்தவை அந்த எண்ணெய்த் துளைகள்தான். ஒவ்வொன்றிலும் அச்சடித்ததுபோல் சந்தனத்தை அமுக்கி, மேலே குங்குமம் வைப்பார். விஜயதசமி முடிந்ததும் அம்மா ஊசி எடுத்து உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தை ஒவ்வொரு துளையிலிருந்தும் கிண்டி எடுப்பாள். ஒரு சொல் பேச மாட்டாள்.

நான் சொல்லும் சம்பவத்துக்கு முந்தின நவராத்திரி முடிந்த கையோடு, தெஹிவளையில் தையல் வகுப்பு நடத்துகிற ஒரு ரீச்சர் அம்மாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். வகுப்புக்குப் படிப்பிக்க அம்மா வர வேண்டுமாம். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நல்ல சாறி உடுத்திக்கொண்டு போய் பெரியப்பாவிடம் கேட்டாள். ஒரே வீட்டுக்குள், ஹோலில் இருக்கிற மனிசனிடம் கேட்க நல்ல சாறி.

"மெசின் வீட்டிலை நிக்கேக்கை நீ ஏன் தங்கச்சி பஸ் ஏறி அலைய வேணும்? அது ஓடுற மட்டும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் பெரியப்பா.

அப்பாவும் போனில், அண்ணா சொன்னால் சரி என்றார். அம்மா சாறியை மடித்து வைத்துவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தாள். அந்த வருடம் சந்தனத்தை அவள் கிண்டவில்லை.

சனிக்கிழமை எண்ணெயும் நின்றது. ஏன் என்று கேட்டால், நேரமில்லை, போய்ப் படி என்பாள். எண்ணெய்க் குப்பியும் மெசின் மேசை லாச்சியில் இல்லை. மெசின் முதலில் கரகரத்தது. பிறகு கூவியது. நூல் அறுந்தது, தையல் விட்டு விட்டு விழுந்தது. வருஷம் திரும்பி அடுத்த நவராத்திரிக்குக் கும்பம் வைத்த கிழமை, மிதித்தால் முக்கியதே ஒழிய ஓடவில்லை. தீபாவளிச் சட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பெரியப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். குசினிக்குள் போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து மெசினின் தலையில் கவிழ்த்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். முன்பொரு நாள் மெசினுக்குத் தேங்காய் எண்ணெய் போடப் போனதற்கு என் கையில் அடி வைத்தவள் அவள். அது காய்ந்தால் பசையாகும், உள்ளே எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டும் என்று சொல்லித் தந்தவளும் அவள்தான். அன்றைக்குச் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவர் முன்னால் வாய் திறக்கப் பயந்துதான் நிற்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு இருந்ததே அந்த ஒரு மெசின்தான். அதையும் சாகவிட்டுவிட்டு நிற்கிறாளே என்று நினைத்தேன்.

மெசின் போகப் போகக் கல்லாக இறுகியது. சரஸ்வதி பூசையன்று காலை, பெரியப்பா அதற்கு வழக்கத்தைவிடப் பெரிய பொட்டுகளாக வைத்து, குத்துவிளக்கை அதன் பக்கத்திலேயே ஏற்றினார். கும்பிட்டுவிட்டு, செத்தவீட்டில் கதைக்கிற குரலில் சொன்னார்:

"விஜயதசமி முடியப் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவம். சட்டையளை வெளியிலை குடுத்துத் தைப்பிப்பம். பாவம், நல்லா உழைச்ச மெசின்."

"ஓம் அத்தான்," என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போனாள். அழத்தான் போகிறாள் என்று எனக்கு நிச்சயம்.

உழைத்தது மெசினா என் அம்மாவா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பின்னேரம் பெரியப்பா கடைப் பூசைக்குப் போனார். அம்மாவும் பெரியம்மாவும் குசினியில் கடலை அவித்துக்கொண்டிருந்தார்கள். நான் வீடு முழுக்க எண்ணெய்க் குப்பியைத் தேடினேன். அது எங்கள் அறைக்குள், அம்மாவின் சூட்கேசின் அடியில், பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. குப்பி நிறைய எண்ணெய். இது பெரியம்மாவின் வேலை என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒளித்ததுதான் ஒளித்தார், எங்கள் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்து ஒளித்திருக்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம்.

பூசையில் வைத்த சாமானை விஜயதசமி விடியுமுன் தொடக்கூடாது. தொட்டால் படிப்பு ஏறாது, கை விளங்காது, இன்னும் என்னென்னவோ. அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போய் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பசையைக் கரைக்க மண்ணெண்ணெய் வேண்டும். பல்கனி அடுப்புக்கு வைத்திருந்த போத்தலை எடுத்து வந்தேன். மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் நெருப்பு இருக்கலாமா? ஆகவே முதல் வேலையாகக் குத்துவிளக்கை நூர்த்தேன். வாயால் ஊதித்தான்.

ஊசியால் சந்தனத்தைக் கிண்டினேன். ஒரு வருஷத்துச் சந்தனம், அடியில் சீமெந்துபோல் இருந்தது. துளைகளுக்குள் மண்ணெண்ணெய் விட்டு, சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். அசையவில்லை. மெசினைச் சாய்த்து அடியிலும் விட்டுத் துடைத்தேன். மஞ்சள் பசை துணியில் வந்தது. மறுபடி ஆட்டினேன். விரல் கணு உரிந்தது. எத்தனை தரம் என்று தெரியாது, சில்லு திடீரென்று கால்வாசி சுற்று திரும்பியது. பிறகு அரை. பிறகு முழுச் சுற்று. ஈரத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, அம்மா விடுகிற இடமெல்லாம் மெசின் எண்ணெய் விட்டு மிதியில் கால் வைத்தேன். கூவலும் இல்லை, கரகரப்பும் இல்லை. டிக் டிக்கென்று என்னமாய் ஓடியது தெரியுமா?

சத்தம் கேட்டுப் பெரியம்மா ஓடி வந்தார். "ஐயோ, பெட்டை விளக்கையும் நூர்த்துப்போட்டாள்," என்று தலையில் கை வைத்தார். பெரியப்பாவும் அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார், நெற்றி நிறையச் சந்தனத்தோடு.

"சாமிப் பொருளிலை கை வைக்கச் சொல்லி ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சாமிக்குச் சந்தனம் வையுங்கோ பெரியப்பா. மெசினுக்கு எண்ணெய்தான் வேணும். நீங்கள் பொட்டு வைச்ச ஓட்டையெல்லாம் அது குடிக்கிற வாய்."

அந்த வீட்டில் பெரியப்பாவுக்கு அப்படி ஒருவரும் பதில் சொன்னதில்லை. அடி விழுந்தாலும் எழும்புவதில்லை என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். அவர் கை ஓங்கியது உண்மை. ஆனால் மெசின் ஓடுகிற சத்தம் அவர் காதில் ஏறியதும் கை தானாக இறங்கியது. குனிந்து பார்த்தார். சில்லைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பெட்டை உயிர் குடுத்திட்டாளே. அப்ப தீபாவளிச் சட்டையெல்லாம் வீட்டிலேயே தைக்கலாம், என்ன தங்கச்சி?"

அம்மா குசினி வாசலில் நின்றாள். கையில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ முதலில் மெசினைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னை யாரென்றே தெரியாத மாதிரி ஒரு பார்வை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"ஓம் அத்தான், நல்லா ஓடுது," என்றாள். "ஆனா நான் தைக்கமாட்டன். அந்த ரீச்சர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. திங்கக்கிழமை தொடக்கம் தெஹிவளைக்குப் போறன்."

"மெசின்தான் சரிவந்திட்டுதே. பிறகென்ன?"

"மெசின் ஓடினாலும் போவன், ஓடாட்டிலும் போவன். எனக்குப் போக விருப்பம்."

குரலை உயர்த்தவில்லை. பெரியம்மா விளக்கைத் திரும்ப ஏற்றப் போனார், மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கில் அடித்ததும் நெருப்புப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அறைக்குள் போனதும் அம்மா என் உரிந்த விரல்களுக்கு மருந்து பூசினாள். மென்மையாகப் பூசினாள் என்று சொல்ல முடியாது. குப்பியை எங்கே கண்டெடுத்தாய் என்று கேட்டாள். பெரியம்மா எங்கள் சூட்கேசுக்குள் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். பெரியம்மாவுக்குக் கேட்கும் என்று முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு, கட்டிலில் விழுந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அம்மா ஒரு வருஷமாக வாய் திறக்காமல் ஒரு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள் என்றும், சோறு போட்டவரை எதிர்க்காமல் அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போக அவளுக்கு அகப்பட்ட ஒரே வழி அந்த மெசினின் சாவுதான் என்றும், அந்த வழியை நான் ஒரு பின்னேரத்தில் எண்ணெய் விட்டு அடைத்துவிட்டேன் என்றும், வேறு போக்கில்லாமல்தான் அவள் அதை வாயால் சொன்னாள் என்றும் விளங்க எனக்கு அதிக வருஷம் எடுத்தது. விளங்கிய பிறகும், நான் செய்தது பிழை என்று ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அம்மாவும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கையைப் புண்ணாக்கி நான் காப்பாற்றிக் கொடுத்த மெசினை அவள் தொடக்கூட மாட்டேன் என்கிறாள் என்பதுதான். திங்கட்கிழமை காலை அம்மா அந்த நல்ல சாறியை உடுத்து, கைப்பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று போட்டு வாறன் என்றாள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தலை நிமிரவில்லை.