முடக்கத்தான் கட்டுக்குள் உறங்கிய பூரான்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டைச் சுற்றிக் காலி மனைகள்தான். மழை பெய்தால் வேலியெல்லாம் முடக்கத்தான் கீரை படர்ந்துவிடும். புதிதாக ஃப்ரிட்ஜ் வாங்கிய ஜோரில், ஒரு வெள்ளிக்கிழமை கைநிறையப் பறித்து, ஆயாமல்கூட பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி உள்ளே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு அரைக்க எடுத்தால், ஓர் இலைகூட வாடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவில் மட்டும் ஒரு பூரான் விறைத்துக் கிடந்தது.

"ஐயய்யோ, இங்க வந்து பாருங்க!"

"குளிர்ல செத்துப்போச்சு. எடுத்துப் போட்டுட்டு வேலையப் பாரு," என்றார் கணவர்.

அதைக் காகிதத்தில் தள்ளித் தரையில் வைத்துவிட்டு, கீரையை ஆயத் தொடங்கினேன். சற்று நேரம் கழித்துத் திரும்பினால், காகிதம் காலி! பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் பாவாடை ஓரமாகப் பூரான் ஊர்ந்துகொண்டிருந்தது. அவளை அப்படியே வாரித் தூக்கினேன். மீதியைக் கணவரின் செருப்பு பார்த்துக்கொண்டது. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போதெல்லாம் கீரையை வாசலிலேயே உதறி, ஆய்ந்து, ஈரம் போகத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிய பிறகுதான் கவர். கீரை எது, பூரான் எது என்று ஃப்ரிட்ஜுக்குத் தெரியாது. உள்ளே போனதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும்.