கியர் பெட்டியைத் திறந்தவர்

மலாயாவில் வெள்ளைக்கார அரசு கம்யூனிஸ்டுகளோடு காட்டில் சண்டையிட்ட அவசரகாலத்தில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரையின் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. துரை ஜீப்பைக் கொடுத்தார். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மேட்டில் கியர் மாற்றியபோது கடகடவென்று சத்தம் கேட்டு வண்டி நின்றுவிட்டது. கியர் கம்பி அசையவே இல்லை.

ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு ஒரு சீனர் வந்தார். தொப்பியில் காட்டுக் கம்யூனிஸ்டுகளின் சிவப்பு நட்சத்திரம்.

“ஐயா, சம்சாரத்துக்கு வலி,” என்று கும்பிட்டேன்.

அவளைப் பார்த்தார். துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுக் கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

“ரெண்டு கியரும் ஒண்ணா மாட்டிக்கிச்சு லா, தம்பி. ஸ்பானர் குடு,” என்றார் தோட்டத்துத் தமிழில்.

கியர் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். கியர் விடுபட்டது. மூடியைத் திரும்பப் பூட்டினார்.

“உள்ள தேஞ்சு போச்சு. மெதுவா மாத்து. போ.”

பெண் குழந்தை பிறந்தது.

சில வாரங்களில், காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களைப் போலீஸ் நிலையத்தின் முன் கிடத்தி, அடையாளம் காட்டச் சொல்லி எங்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். அவர்களில் அந்தச் சீனரும் கிடந்தார். நான் நடந்துவிட்டேன். என் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள்.

“தெரியுமா?” என்றார் போலீஸ்காரர்.

“தெரியாதுங்க. பிள்ளைக்குப் புழுக்கமா இருக்கு,” என்று சொல்லி, குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியைக் கிடந்தவர் பக்கமாக விலக்கிக் காட்டினாள்.

அதே வருஷம் எங்கள் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியைச் சுட்டவர்களில் அவரும் இருந்திருக்கலாம். கனவில் இன்றும் வருகிறார். அவர் யார் என்று மகளிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.