கிருஷ்ணஸ்வாமியின் பிரஷரும் அமலாவின் தலைவலியும்

மராத்தி பேசும் ஊரான சாங்விக்கு இதை எழுதுகிறவன் குடிவந்த முதல் நாள், லிப்டில் அவனிடம் மூன்று ஊறுகாய் பாட்டில்களை நீட்டி, "கொஞ்சம் புடிங்க தம்பி, சாவி எடுக்கோணும்" என்றவர்தான் கிருஷ்ணஸ்வாமி. கோயமுத்தூர்க்காரர். ஐம்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். தளேகாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரைக் கவனித்துக்கொள்பவர்.

அவருக்கு அப்போது ஒரே கவலை. ஹெர்னியா ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார்கள். பிரஷர் இறங்கினால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "துணை இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் கட்டுக்குள்ள இருக்கும் காகா. சீக்கிரம் ஒரு கல்யாணம் பண்ணிக்கோங்க" என்று, சித்தப்பா முறையில் 'காகா' போட்டு மராத்தியில் கிண்டல் வேறு.

எதிர்வீட்டு அமலாவிடம் போய்ப் புலம்பினார். வங்கியில் வேலை பார்க்கும் அமலாவுக்கு விவாகரத்தாகிப் பத்து வருடம்.

"உப்பைக் குறைச்சீங்களா சார்?"

"சமையல்ல உப்பே போடறதில்லீங்க. ஆறு மாசமாச்சு."

"அப்புறம் எப்படி வாயில வைக்கிறீங்க?"

"அதானுங்க, தயிர்சாதம் எறங்கவே மாட்டேங்குது. அதுக்காக மாங்கா ஊறுகா கொஞ்சம் கூட வெச்சுக்குவேன். நாலு அப்பளம்..."

அமலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் வீட்டு ஊறுகாய் பாட்டில்களை அள்ளிப்போய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு அமலா வீட்டில். ஏழாவது வாரம் ஆபரேஷன் முடிந்தது.

தையல் பிரித்த அன்றே கிருஷ்ணஸ்வாமி கேட்டுவிட்டார். "டாக்டர் சொன்னது நெசந்தானுங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாங்களா?"

"உங்க பிரஷர் இறங்கும் சார், சரி. எனக்கு? அந்த வீட்டை விட்டு வந்தப்புறம்தான் என் ஒத்தைத் தலைவலி போச்சு. திரும்ப வந்தா?"

இரண்டு நாள் வேலையில் மனம் ஓடவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"உங்க வீடு உங்களுதாவே இருக்கட்டும். என் வீடும் அங்கயே இருக்கட்டும். ராத்திரிச் சமையல் இனி என் பொறுப்பு. தலை வலிக்குதுன்னா கதவைச் சாத்திக்கோங்க. நான் தட்ட மாட்டேன்."

அமலா பூட்டிய அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "ஊறுகாய்?"

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க."

பதிவுத் திருமணம் முடிந்து ஒன்றரை வருடமாகிறது. அவருடைய பிரஷர் நூற்று முப்பதைத் தாண்டுவதில்லை. அமலாவின் கதவு இதுவரை ஒரே ஒரு முறை சாத்தப்பட்டிருக்கிறது, அவர் வைத்த உப்பில்லாத ரசத்தைக் குடித்த அன்று. ஒத்தைத் தலைவலி திரும்ப வரவேயில்லை. இருவரும் மூன்றாம் மாடியில், அதே எதிரெதிர் வீடுகளில் இருக்கிறார்கள்.