சொந்தமா வாங்குன படம்

கொஸ்லந்த ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுச்சே, அந்த வாரந்தான் மருமகன் போன்ல ஒரு படம் வாங்குனாரு. நானும் பொஞ்சாதியும் கல்யாணம் முடிஞ்ச புதுசுல பதுளை தியேட்டர்ல பாத்த படம். "வாடகைன்னா ரெண்டு நாளுதான் மாமா. மூணு மடங்கு கட்டி வாங்கிட்டேன், இனி ஒங்களுக்கே சொந்தம்"னாரு. தீவாளிக்குப் பாக்கணும்னு அவ ஆசையா இருந்தா. அன்னிக்குத் தொறந்தா, படத்தக் காணோம். படத்த வித்த கம்பெனிக்காரனுக்கே உரிமை முடிஞ்சு போச்சாம், எடுத்துட்டானாம்.

அந்தக் காலத்துல பதுளையில வீடியோ கேசட் வாடகைக்குக் குடுத்த கடை முதலாளி "நாளைக்கே திருப்பிக் குடுத்துரணும்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. அவரு யோக்கியன்.

பொஞ்சாதி சிரிச்சா. "நாலு தலைமுறையா இருந்தும் தோட்டத்துக்காரன் பேருலயே இருக்கே நம்ம லயத்துக் காம்பரா வீடு, அது மாதிரி சொந்தங்க இது."

போன்ல 'வாங்கு'ன்னு போட்டிருந்தா அதுவும் வாடகைதான்னு ஒங்க வீட்டுலயும் சொல்லிருங்க.