என் கையில் ஓடிய தம்பியின் வாட்ச்

பண்ணையின் இரும்புக் கதவருகே கார் நின்றதும், தம்பி இடது கையிலிருந்து வாட்சைக் கழற்றி என் பக்கம் நீட்டுவார். நீல முகம், எஃகுப் பட்டை. அவருடைய கைச்சூடு அதில் அப்படியே இருக்கும். நான் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அவர் காரைவிட்டு இறங்குவார். முட்டைக்கோழிப் பண்ணைக்குள் நினைத்தபடி யாரும் நுழைந்துவிட முடியாது. துணி மாற்ற வேண்டும், மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும், மோதிரமோ வாட்சோ கையில் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு நோய் உள்ளே போனால் செட்டுச் செட்டாக, கொட்டகை கொட்டகையாகக் கோழிகள் செத்து விழுந்துவிடும் என்ற பயம் நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. அப்படித்தான், என் பல வருஷச் சம்பளத்தைச் சேர்த்தாலும் வாங்க முடியாத ஒரு பொருளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி என்று நான் சொல்வது முதலாளியின் ஒரே மகனை. நான் அந்த வீட்டுக் கார் ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். பெண் அமையவில்லை. தீவன கோடவுனை ஒட்டிய அறையில் இருக்கிறேன். யாராவது முன்னால் வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தம்பி ஒருவர்தான் நான் பதில் சொல்கிறேனா இல்லையா என்று பார்க்காமல் என்னோடு பேசிக்கொண்டே வருவார்.

அவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். முதலாளிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனதும் ஊருக்குத் திரும்பி வந்தார். வரும்போது அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் பெரியது அந்த வாட்ச்தான். முதலாளி கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்தார். “ஏஞ்சாமி, மணி பாக்கறதுக்கு எத்தனை கோழி முட்டை போடோணும்?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். ஆனால் வாட்ச் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

முதலில் வாட்சைக் காருக்குள் வைத்துவிட்டுத்தான் செட்டுக்குப் போவார். ஒருமுறை வேலை மும்முரத்தில் இரண்டு நாள் அதை எடுக்க மறந்துவிட்டார். வாட்ச் நின்றுபோயிற்று. அதற்கு பேட்டரி கிடையாதாம். கை அசைந்தால்தான் ஓடுமாம். “நீங்களே கட்டிக்கோங்ணா. ஸ்டியரிங் திருப்பற கை, நிக்கவே நிக்காது” என்றார். நான் கூச்சத்தோடு கட்டிக்கொண்டேன். முழுக்கைச் சட்டையை இழுத்து மூடிக்கொள்வேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “மணி பாக்க போன் இருக்குதுங்களே தம்பி, அப்புறம் இது எதுக்குங்க?”

“மணி பாக்கறதுக்கு இல்லீங்ணா. எங்கப்பாவைக் கேக்காம நான் வாங்குன பொருள் இது ஒண்ணுதான்.”

அதன் பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன. பண்ணை, நிலம், லாரி எல்லாம் முதலாளி பேரில். செக்கில் கையெழுத்து அவருடையது. கை நடுங்கினாலும் அவரேதான் போடுவார். தம்பி டீசலுக்குக்கூட அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அவரோடு படித்தவர்களின் கதையும் பெரிய வித்தியாசமில்லை. “சம்பளத்துல பாதி வாடகைக்கும் தவணைக்குமே போயிருதுங்ணா. பெங்களூர்ல எந்தக் காலத்துல ஊடு வாங்கறது? வாங்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் கைக்கு ஒண்ணு வாங்கிக்கறோம்.” சொல்லிவிட்டுப் போனில் அந்த வாட்சின் இன்றைய விலையைப் பார்ப்பார். முதலாளி தினமும் முட்டை விலை கேட்பது போல. முட்டை விலை ஏறும், இறங்கும். அந்த வாட்சின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடையில் பணம் கொடுத்தாலும் உடனே கிடைக்காத மாடலாம். விலை ஏறிய நாட்களில் தம்பி உற்சாகமாக இருப்பார். எனக்கும் சந்தோஷமாக இருக்கும். எதற்கென்று நான் யோசிக்கவில்லை.

சேலம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோதுதான் சொன்னார். ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அப்பா ஒரு பைசா தர மாட்டேன் என்றுவிட்டார், வாட்சை விற்றால் போய்விடலாம். நான் “சரிங்க தம்பி” என்றேன். அவருக்கு விடிவு. எனக்கு, என்னோடு பேச இருந்த ஒரே ஆள் போகப் போகிறார். இரண்டும் என் கையிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

வாங்க வந்தவனும் சின்னப் பையன்தான். பைபாஸ் பேக்கரியில் சந்தித்தோம். காலையில் செட்டுக்குப் போனபோது தந்ததைத் தம்பி திரும்ப வாங்க மறந்திருந்தார். நானும் மறந்துவிட்டேன். அந்தப் பையன் “வாட்ச் எங்கங்க?” என்றதும், நான் சட்டைக் கையை மேலேற்றிக் கழற்றினேன்.

அவன் என்னையும் பார்த்தான், வாட்சையும் பார்த்தான். “என்னங்க ப்ரோ, டிரைவர் கட்டியிருக்காரு? டூப்ளிகேட்டை என்ற தலையில கட்டலாம்னு பாக்கறீங்களா?”

தம்பி வாட்ச் பெட்டியையும் கடையில் கொடுத்த கேரண்டி அட்டையையும் எடுத்து வைத்தார். “அதெல்லாமும் இப்ப டூப்ளிகேட்ல வருதுங்க” என்று அவன் எழுந்துவிட்டான். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. கெஞ்ச மாட்டார், ரோஷக்காரர்.

எனக்குள் ஏதோ ஒன்று லேசானது. அவன் போகட்டும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது எனக்குப் பழக்கமான வேலைதான். அப்போது தம்பி அந்தப் பெட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்.

“நில்லுங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “செட்டுக்குள்ள வாட்ச் கட்டக் கூடாதுங்க. கழட்டி வெச்சா நின்னு போயிருது. அதனால நான் கட்டிக்குவேன், ஓடட்டும்னு. என்ற கையைப் பாத்து வெல போடாதீங்க சாமி. சேலத்துல வாட்ச் கடைக்குப் போலாம், அவங்க தொறந்து பாத்துச் சொல்லட்டும். கார்ல ஏறுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு அசல்தான் என்றார். பையன் பணத்தை அனுப்பிவிட்டு, வாட்சைக் கையில் கட்டாமல் பெட்டிக்குள் வைத்தான். “கட்டலீங்களா?” என்று தம்பி கேட்டார். “கட்டுனா கீறல் உழுந்துரும் ப்ரோ. ரெண்டு வருசம் வெச்சிருந்து, வெல ஏறுனதும் தள்ளிவுட்டுருவேன்” என்றான். இனி அது பெட்டிவிட்டுப் பெட்டி மாறும், யார் கையையும் தொடாது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது தம்பி முன் சீட்டில் உட்கார்ந்தார். “இத்தனை பேசுவீங்களாங்ணா? இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டீங்களே” என்று சிரித்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

இப்போது பண்ணையைக் குத்தகைக்கு விட்டாயிற்று. முதலாளியை வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவதுதான் என் வேலை. அப்பாவும் மகனும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. தம்பி என் போனுக்குத்தான் கூப்பிடுவார், பெரும்பாலும் விடிகாலையில், நான் முதலாளிக்கு டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது. “நல்லா இருக்கீங்களா தம்பி?” “நல்லா இருக்கறேங்ணா.” அதற்குமேல் எனக்கு என்ன கேட்பதென்று தெரியாது. அவரும் முன்பு போல நிறையப் பேசுவதில்லை. ஆனால் போனை வைக்கவும் மாட்டார்.

போன வாரம் அப்படி நானும் தம்பியும் போனில் சும்மா இருந்தபோது, முதலாளி கட்டிலிலிருந்து சொன்னார். “அங்க இப்ப மணி என்னன்னு கேளு.”

கேட்டேன். “ஒண்ணரைங்ணா. ராத்திரி” என்றார் தம்பி. போன் வைத்ததும் முதலாளியிடம் சொன்னேன். அவர் ஆறிய டீயை வாங்கிக்கொண்டார்.

“தூங்கற நேரமாச்சே. தூங்காம என்ன பண்ணிட்டிருக்கறான்?”

எனக்குத் தெரியும், அப்பா எழுந்து என் பக்கத்தில் டீக்குக் காத்திருக்கும் நேரத்துக்காகத்தான் அவர் விழித்திருக்கிறார். என்னால் சொல்ல முடியவில்லை.