மூட்டை ஐந்தாம் பதிப்பும் பர்வீன் அக்காவின் கணினியும்

பர்வீன் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, மூட்டை என்ற எங்கள் மென்பொருளின் புதிய பதிப்புகளை அறிவிக்கும் அதே வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அங்கே எது வந்தாலும் முதலில் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் பிறகு படிப்பது எங்கள் வழக்கம். சனிக்கிழமை காலை அவருடைய கணவர் காதர் பாய், அக்காவின் எண்ணிலிருந்து அனுப்பிய இரண்டு வரிகளுக்கும் சில கட்டைவிரல்கள் உயர்ந்தன; ஒரு ராக்கெட்டும் பறந்தது. சற்று நேரத்தில் எல்லாம் சத்தமில்லாமல் இறங்கின. நான் அம்பத்தூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். வந்த ரயிலை விட்டுவிட்டு வெளியே போய், அக்காவின் வீடு இருக்கும் பூந்தமல்லிக்கு ஆட்டோ பிடித்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று காதர் பாய் எழுதியிருந்தார்.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்திருந்த உறவினர்களில் பலருக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கடைசிவரை விளங்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, இன்ன மென்பொருள் வேண்டும் என்று ஒரு வரி தட்டினால், அதையும் அது ஓடுவதற்குத் தேவையான மற்றவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துவந்து அதனதன் இடத்தில் வைக்கும் நிரல்தான் மூட்டை. இலவசம். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் பகலெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்த்த அக்கா, மீதி நேரத்தில் சம்பளமில்லாமல் இதை உருவாக்கிப் பராமரித்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் அவருக்கு உதவினோம். உதவினோம் என்பது நாங்கள் சொல்லிக்கொள்வது.

காதர் பாய் கல்யாணங்களுக்குப் பிரியாணி அண்டா வாடகைக்கு விடுகிறவர். ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தபோது, "இவ இன்னாதான் பண்றா, நீயாச்சும் சொல்லு தம்பி" என்று என்னிடம் கேட்டார். நான் கணினியின் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். அக்கா கையமர்த்தினார்.

"அண்டா கேட்டா மூடி, கரண்டி, அடுப்பு எல்லாம் சேத்து அனுப்புறீங்கல்ல? அதான் நான் பண்றது."

"திரும்பி வரும்போது கரண்டி வராதே?"

"எங்களுக்குத் தலைகீழ். அண்டாவத் திருப்பி எடுக்கப் போனா, பக்கத்து ஊட்டுக்காரன் வெச்சிருக்கற கரண்டியும் சேந்து வந்துருது."

"அட, கேக்காமயா எடுப்பீங்க?"

அடுத்த பதிப்பிலிருந்து, ஒன்றை நீக்கச் சொன்னால் அதோடு சேர்ந்து என்னென்ன போகும் என்று காட்டி, 'எடுக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நாகரிகம் மூட்டைக்கு வந்தது. குழுவில் வயதில் இளையவரான தினேஷுக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, ஒரு என்டர் எக்ஸ்ட்ரா. எல்லாருக்கும் எவ்ளோ டைம் வேஸ்ட்டு தெரியுமா?"

"மிச்சம் ஆன டைம்ல நீ இன்னா பண்ணப் போற தினேசு?"

தினேஷ் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மூட்டை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் பதிப்புக்கு வருகிறேன். அதில் பல மாற்றங்கள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியவை ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கின. முன்பின் தெரியாத இடத்திலிருந்து எதையாவது கொண்டுவரச் சொன்னால், இந்த இடத்தை நம்புகிறேன் என்று நாமே சொல்லும்வரை மூட்டை நகராது. இவற்றுக்கெல்லாம் கைதட்டினார்கள். இன்னொரு மாற்றத்துக்கு யாரும் கைதட்டவில்லை: பழைய வகைக் கணினிகளைக் கைவிடுவது.

செய்யத்தான் வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மென்பொருளையும் புதிய கணினிக்கு ஒருமுறை, பழைய கணினிக்கு ஒருமுறை என்று தயாரித்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று அவசரமாக வந்தாலும், பழையதற்குத் தயாராகும்வரை புதியதும் காத்துக் கிடந்தது. ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் வீட்டுக் கணினி அந்தப் பழைய வகை. மூடியில் விரிசல்; விசிறி மாவு அரைக்கும் சத்தத்தில் ஓடும். அலுவலகக் கணினியில் மூட்டை வேலையைத் தொடவே மாட்டார். "அது கம்பெனி அண்டா" என்பார். ஆகவே பழையதைக் கைவிட்டால், அக்காவின் கணினியில் அக்காவின் மூட்டையே இனிப் புதிதாக ஏறாது.

கடைசியில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"அக்கா, உங்க மிஷினும் அதுல கீது" என்றார் தினேஷ்.

"தெரியும்."

"அப்போ நீங்க எதுல வேலை செய்வீங்க?"

"என் ஒருத்தி மிஷினுக்காக ஊரையே வரிசையில நிக்க வெக்கணுமா?"

ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புதிது வாங்கித் தருகிறோம் என்றோம். மறுத்துவிட்டார். "எல்லாரும் புதுசுக்குப் போயிட்டா, பழசுல இன்னா உடையுதுன்னு யாருக்குத் தெரியும்?" ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு கணினியில் இருப்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, இன்னொரு கணினியில் ஒரே வரியில் அப்படியே கொண்டுவந்து வைக்கும் கட்டளை தயாராகும்வரை ஐந்தாம் பதிப்பு வெளியாகாது. "போன்னு சொன்னா மட்டும் போதாது. வண்டியும் பேசி உடணும்."

அந்த வண்டியை முதலில் ஓட்டிப் பார்த்த இடம் குமணன்சாவடி. அங்கே பாபு என்பவர் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறார். வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பழைய கணினி. கைவிடப் போகிறோம் என்ற முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு எங்களுக்கு ஒரு புகார் எழுதியிருந்தார். அதன் முதல் பாதியை இங்கே தர இயலாது. இரண்டாம் பாதியில் கடை இருக்கும் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"நீங்கதான் அந்த மூட்டையா?" என்றார் பாபு.

"நான்தான்."

"நல்லா ஓடிக்கினு கீற மிஷின செத்துப்போச்சுன்றீங்களே மேடம். நாளைக்கு நான் பிளேடு வெச்சு கையால வெட்டுவனா?"

"சாகல பாபு. இனிமே புதுசா எதுவும் கத்துக்காது, அவ்ளோதான். எவனாவது உள்ள பூந்தா தடுக்கவும் தெரியாது."

"இங்க பூந்து இன்னாத்த எடுப்பான்? ஸ்டிக்கரா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பாபு தேநீர் வரவழைத்தார். மச்சானிடமிருந்து வாங்கிவைத்திருந்த, கொஞ்சம் புதிய கணினி ஒன்று கடையின் உள்ளே கிடந்தது. அக்கா கட்டளையைத் தட்டினார். எல்லாம் வந்தன, வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் நிரலைத் தவிர. அது எங்கள் பொறுப்பில்லை என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அக்கா பார்த்த பார்வையில் தேநீரைக் குடித்தேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனார். எங்கெங்கோ பலர் ஐந்தாம் பதிப்பு ஏன் தாமதமாகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது குமணன்சாவடியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் இயந்திரம் அசைந்தது. ஓர் ஆட்டோவுக்காக 'பிரசவத்திற்கு இலவசம்' என்று வெட்டிக் கொடுத்தது. அந்த வாரமே பதிப்பு வெளியானது.

வெளியான அன்று அக்கா தன் வீட்டுக் கணினியில் மூட்டையை அழைத்தார். தானே எழுதிய வரிகள் திரையில் வந்தன: 'இந்தக் கணினிக்கு இனிப் புதிய பதிப்புகள் வராது. உங்களிடம் இருப்பது எதுவும் நீக்கப்படவில்லை. இடம்பெயர உதவி வேண்டுமென்றால் எழுதுங்கள்.' பழைய கணினி வைத்திருந்த பலர் எழுதினார்கள். வெளியீட்டுக் குறிப்பு, பழைய கணினிகளுக்கு உதவி கிடையாது என்று திட்டவட்டமாகச் சொன்னது. ஆனாலும் எழுதியவர்களுக்கெல்லாம் உதவி போய்ச் சேர்ந்தது, அந்த விரிசல் விட்ட கணினியிலிருந்து. தன் மூட்டையில் ஒரு வரி நிரல்கூட எழுத முடியாத இடத்தில் உட்கார்ந்து, அவர் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கரையேற்றினார். பதவியை விட்டுக்கொடுத்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலோர் ஓர் அறிக்கையோடு விடுவார்கள். இன்னொரு முறை கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவார்கள். தனக்கு எதிராகத் தானே ஒரு விதியை எழுதி, அதற்குள் இவ்வளவு உற்சாகமாகக் குடியிருந்தவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் தினேஷ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அக்காவின் நினைவாக, அடுத்த பதிப்பில் பழைய கணினிகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழுவில் இதயங்கள் குவிந்தன. என் சம்மதம் மட்டும் பாக்கி. தினேஷ் என் எதிரிலேயே காதர் பாய்க்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"அவ வேணான்னு எடுத்தத நீ எதுக்கு நைனா மறுபடி உள்ள வெக்கற?" என்றார் காதர் பாய்.

"அக்கா நினைப்பா பாய்..."

"அவளுக்காகன்னா வேணாம். அவ பேச்ச மீறி அவளுக்கே மரியாதையா?" என்றவர் தொடர்ந்தார். "அந்த மிஷினத் தொறந்தா இன்னும் லெட்டரு வந்துகினே கீது. முடிஞ்சா யாராச்சும் வந்து அதுக்குப் பதில் போடுங்க."

தினேஷ் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் குழுவில் 'வேண்டாம்' என்று எழுதினேன். பிறகு பூந்தமல்லிக்குப் போய் அந்தக் கணினியை வாங்கி வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் வீட்டில் மாவு அரைக்கிறது; வந்த கடிதங்களுக்கு நான் பதில் போடுகிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, ஒரு 'வேண்டாம்'. அதோடு, அப்படிச் சொன்ன பிறகு எழுந்து போய்விடாமல், யாருக்குச் சொன்னோமோ அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. முதலாவது ஒரு சொல்லில் வந்துவிட்டது. இரண்டாவதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.